சிரிக்கிற விமானம்னா அவ்ளோ இளக்காரமா?

பொதுவா நான் சண்டை சச்சரவுக்குப் போற ஆள் இல்லீங்க. பொட்டி தட்டினோமா, நேரம் கிடைச்சா நாலு வரி பதிவு எழுதினோமான்னு இருக்கற ஜீவன். ஆனா போன வாரம் ஒரு விஷயம் நடந்துச்சு. அதுக்கப்புறம் கை சும்மா இருக்க மாட்டேங்குது.

டீ குடிக்கற இடத்துல பேச்சு பழைய ஆர்கேட் விளையாட்டுப் பக்கம் திரும்புச்சு. விமானத்தை ஓட்டிக்கிட்டு சுட்டுத் தள்ற விளையாட்டுகள்ல டாப் 5 எதுன்னு ஆளாளுக்கு அடிச்சு விட்டுக்கிட்டு இருந்தாங்க. நான் முதல் இடத்துல 'ட்வின்பீ'னு சொன்னேன். ஒரு நிமிஷம் அமைதி. அப்புறம் ஒரு நண்பன் சிரிச்சுக்கிட்டே, "டேய், அது பாப்பா கேம்டா. கையும் காலும் முளைச்ச ஏரோப்ளேன், மேகத்துலேர்ந்து மணி விழும்... அதெல்லாம் ஒரு லிஸ்ட்ல சேர்த்தியா?"ன்னான். மத்தவங்களும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சு வச்சேன். சீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் எரிச்சல் வந்துச்சு. அந்த எரிச்சல்தான் இந்தப் பதிவு.

விஷயம் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். ட்வின்பீ, கொனாமி 1985-ல் ஆர்கேட்டுக்குக் கொண்டு வந்த ஆட்டம். மேல் நோக்கி நகர்ற திரை. உங்க விமானம் ஒரு குண்டுத் தேனீ மாதிரி இருக்கும். அதுக்கு ரெண்டு கை. ஒரு பட்டனை அழுத்தினா வானத்துல வர்றவங்களைச் சுடலாம், இன்னொண்ணை அழுத்தினா தரையில இருக்கறதுங்க மேல குண்டு போடலாம். எதிரிகள் யாருன்னு கேக்கறீங்களா? கத்தி, தட்டு, பழம், காய்கறி. ஆமாங்க, அடுப்பங்கரையே கிளம்பி வந்து உங்களைத் தாக்கும்.

அதே 1985-ல் அதே கொனாமி இன்னொரு ஆட்டத்தையும் விட்டாங்க. கிரேடியஸ். பக்கவாட்டுல நகர்ற விண்வெளி, எரிமலை, மர்மமான அன்னியக் கோட்டை. ரெண்டு ஆட்டமும் 'பபுள் சிஸ்டம்'ங்கற ஒரே வன்பொருள்ல ஓடுச்சு. அதாவது ஒரே அப்பா அம்மாவுக்குப் பொறந்த ரெண்டு பிள்ளைங்க. ஆனா ஊர் என்ன பண்ணுச்சு? மூஞ்சியை உர்ருனு வச்சிருந்த பிள்ளையை 'காவியம்'னு சொல்லி நடு ஹால்ல சேர் போட்டு உட்கார வச்சுது. சிரிச்ச முகமா இருந்த பிள்ளையை 'விளையாட்டுப் பையன்'னு திண்ணைக்கு அனுப்பிடுச்சு.

என் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். எந்த அடிப்படையில?

'டிசைன்' அடிப்படையிலன்னா, வாங்க, டிசைனையே பேசுவோம்.

ட்வின்பீயில மேகத்தைச் சுட்டா அதுலேர்ந்து ஒரு மஞ்சள் மணி விழும். அப்படியே போய்ப் பிடிச்சா மார்க். முதல் மணிக்கு 500. கீழே தவறவிடாம அடுத்ததையும் பிடிச்சா 1000, அப்புறம் 2500, 5000, 10000-னு ஏறிக்கிட்டே போகும். ஒண்ணே ஒண்ணைக் கோட்டை விட்டீங்கன்னா மறுபடி 500-க்கு வந்து நிப்பீங்க. சரி, இது பேராசைக்கான கணக்கு.

ஆனா அந்த மணியைப் பிடிக்காம, சுட்டுக்கிட்டே இருந்தீங்கன்னா அது மேல மேல துள்ளும். குறிப்பிட்ட தடவை சுட்டதும் நிறம் மாறும். நீலம் வந்தா வேகம். வெள்ளை வந்தா ரெட்டைக் குண்டு. இன்னும் கொஞ்சம் பொறுமையா தட்டினா உங்க பின்னாடியே வர்ற நிழல் விமானங்கள், கவசம்னு கிடைக்கும். அவசரப்பட்டு ஒரு குண்டு அதிகமா விட்டா நிறம் போயிடும். மறுபடியும் மஞ்சள். சொ.செ.சூ.

இதுல பெரிய விஷயமே இனிமேதான் இருக்கு. அந்த மணியை நீங்க தட்டிக்கிட்டு இருக்கறப்ப உங்க குண்டெல்லாம் அது மேலதான் படும். அதைத் தாண்டிப் போகாது. அதுக்குப் பின்னாடி வர்ற எதிரியை உங்களால சுட முடியாது. அதாவது உங்களுக்குக் கிடைக்கப் போற பரிசே உங்களுக்குக் குறுக்க நிக்குது. பலம் வேணுமா, மார்க் வேணுமா, உயிர் வேணுமா? அரை நொடியில முடிவு பண்ணணும். திரையில மூணு மணி ஒரே நேரத்துல துள்ளும்போது, கீழே தரையிலேர்ந்து ஒருத்தன் சுட, மேலேர்ந்து கத்தி பறந்து வர... ஐயா சாமி, இதைப் பாப்பா விளையாட்டுன்னு சொல்றவன் ஒரு பத்து நிமிஷம் விளையாடிக் காட்டட்டும்.

கிரேடியஸை நான் மட்டம் தட்டலை. அதுவும் அருமையான ஆட்டம்தான். கேப்ஸ்யூல் பொறுக்கி, கீழே இருக்கற வரிசையில எந்த ஆயுதம் வேணும்னு நீங்களே தேர்ந்தெடுக்கற ஏற்பாடு அபாரமான யோசனை. ஆனா அதுல கேப்ஸ்யூலைப் பொறுக்கறது ஒரு வேலை, சுடறது இன்னொரு வேலை. ட்வின்பீயில ரெண்டும் ஒண்ணு. சுடறதுதான் சம்பாதிக்கறது, சுடறதுதான் தொலைக்கறது. ஒரே பட்டனுக்கு ரெண்டு அர்த்தம். கோடு எழுதறவங்களுக்குப் புரியும், இவ்வளவு கம்மியான விதியில இவ்வளவு சிக்கலைக் கொண்டு வர்றது எவ்வளவு கஷ்டம்னு.

அடுத்து அந்தக் கை. சிரிக்கறீங்கல்ல? அந்தக் கை இல்லாம அந்த ஆட்டமே இல்லை. எதிரி குண்டு பக்கத்துல பட்டா விமானம் உடனே சாகாது, ஒரு கை போகும். ரெண்டு கையும் போச்சுன்னா தரையில குண்டு போட முடியாது. அப்ப என்ன நடக்கும் தெரியுமா? ஆம்புலன்ஸ் வரும்! வானத்துல! அதைத் தொட்டா கை திரும்ப ஒட்டிக்கும். (அதை நம்பி அடிக்கடி கையை விட்டுக்கிட்டு இருக்க முடியாதுங்கறது வேற விஷயம்.)

படம் பார்க்கக் காமெடி. ஆனா உள்ள இருக்கற யோசனையைப் பாருங்க. பட்டா செத்தான், படலைன்னா பிழைச்சான்னு ரெண்டே நிலை வச்சிருந்த காலத்துல, நடுவுல 'அடிபட்டவன்'னு ஒரு நிலையைக் கொண்டு வந்து, 'அடிபட்டவனுக்கு உதவி வரும்'னு இன்னொரு நிலையையும் வச்சிருக்காங்க.

இன்னும் இருக்கு. ரெண்டு பேர் சேர்ந்து ஆடினா, ரெண்டு விமானமும் பக்கத்துல வந்து கையைக் கோத்துக்கலாம். கோத்தா தனியா இருக்கறப்ப இல்லாத பலமான தாக்குதல் கிடைக்கும்.

இங்க கொஞ்சம் சொந்தக் கதை. எங்க வீட்ல டிவியில சொருகி ஆடற கேம் பொட்டி ஒண்ணு இருந்துச்சு. மஞ்சள் கேசட், மேல ஏதோ ஆயிரக்கணக்குல கேம் இருக்கற மாதிரி போட்டிருக்கும், உள்ள போனா அதே இருபது ஆட்டம் திரும்பத் திரும்ப வரும். உங்கள்ல பாதிப் பேர் வீட்ல அதே பொட்டி இருந்திருக்கும். அதுல ட்வின்பீயும் இருந்துச்சு, 1942-ம் இருந்துச்சு. மத்த ஆட்டம் எல்லாம் நான் ஆடுவேன், அக்கா பார்ப்பா. ரெண்டாவது ஜாய்ஸ்டிக் அவ கையில சும்மா இருக்கும். நான் செத்தாதான் அவ முறை, நான் சாகறதுக்கு நேரம் ஆகும், அதுக்குள்ள அம்மா கூப்பிட்டுடுவாங்க. ட்வின்பீயில மட்டும்தான் அவளும் என் கூடவே பறந்தா. இளஞ்சிவப்பு விமானம் அவளோடது. எனக்கு அடி விழப்போகுதுன்னா "கையைப் பிடிடா கையைப் பிடிடா"ன்னு கத்துவா. விமானத்தோட கையைத்தான் சொல்றா, ஆனா நிஜத்துல என் சட்டையைப் பிடிச்சு இழுப்பா.

அந்த நண்பன் 'பாப்பா கேம்'னு சொன்னப்ப எனக்கு ஏன் சுருக்குன்னுச்சுன்னு இப்ப யோசிச்சா புரியுது. அக்கா ஆடின ஒரே விளையாட்டைத்தான் அவன் விளையாட்டே இல்லைன்னு சொன்னான்.

சரி, சென்டிமென்ட் போதும். மறுபக்கத்து வாதங்களுக்கு வருவோம்.

வாதம் ஒண்ணு: "தத்ரூபமா இருக்கணும்பா. 1942 மாதிரி."

1942, கேப்காம் 1984-ல் விட்டது. நிஜமான பி-38 விமானம், நிஜமான பசிபிக் போர். தத்ரூபமாம்! அந்த பி-38 குண்டு வந்தா அப்படியே திரையை நோக்கி ஒரு குட்டிக்கரணம் அடிச்சுத் தப்பிக்கும். சிவப்பு விமானக் கூட்டத்தைச் சுட்டா 'பவ்'னு எழுத்து போட்ட ஒரு டப்பா வானத்துல மிதக்கும், அதைப் பொறுக்கினா குண்டு அதிகமாகும். எந்த விமானப் படையில இந்த வசதி இருந்துச்சுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. 'பவ்' டப்பாவும் மணியும் ஒரே ஜாதிதான். ஒண்ணுக்கு மட்டும் ராணுவப் பச்சை பூசியிருக்கு. அந்தப் பச்சையைப் பார்த்ததும் நம்மாளுங்க எழுந்து நின்னு சல்யூட் அடிக்கறாங்க.

இன்னொண்ணு. அந்த ஆட்டத்துல நீங்க அமெரிக்க விமானத்துல ஏறி டோக்கியோவை நோக்கிப் போறீங்க. வழியில சுட்டுத் தள்றதெல்லாம் ஜப்பான் விமானம். செஞ்சது ஒரு ஜப்பான் கம்பெனி. 1987-ல் வந்த அடுத்த பாகம் 1943-ல் யமாடோ போர்க்கப்பலையே மூழ்கடிக்கணும். அவங்க நாட்டுக் கப்பலை, அவங்க செஞ்ச ஆட்டத்துல! நான் சின்ன வயசுல இதெல்லாம் தெரியாம டமால் டுமீல்னு சுட்டுக்கிட்டு இருந்தேன். ஒவ்வொரு விமானத்துக்குள்ளயும் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கறதா ஆட்டம் என்னை நினைக்க விடவே இல்லை. பறக்கற கத்தரிக்கோலையும் பழத்தையும் சுடச் சொல்ற ஆட்டம் நம்மளை ஏமாத்தலை. 'இது பொய், வா விளையாடலாம்'னு முதல்லயே சொல்லிடுது. ரெண்டுல எது நேர்மையானதுன்னு நீங்களே சொல்லுங்க.

வாதம் ரெண்டு: "காமெடிங்கறது மேல பூசின பெயின்ட். அடியில எல்லாம் ஒரே ஆட்டம்தான்."

அதாங்க இல்லை. ஒரு நிஜப் போர் விமானத்தை வச்சு மணியைத் தட்டித் துள்ள வைக்க முடியுமா? ரெண்டு போர் விமானம் கை கோக்குமா? வானத்துல ஆம்புலன்ஸ் வருமா? தத்ரூபம்னு ஆரம்பிச்சிருந்தா அந்த மூணு யோசனையும் மீட்டிங்லயே செத்திருக்கும். "லாஜிக் இடிக்குதே சார்"னு யாராவது ஒருத்தர் சொல்லியிருப்பார். அபத்தத்துக்குக் கதவைத் திறந்து விட்டதாலதான் அந்த விதிகளே உள்ள வந்துச்சு. காமெடி இங்க பெயின்ட் இல்லை, அஸ்திவாரம்.

வாதம் மூணு: "இதெல்லாம் சின்ன வயசு ஞாபகம். அதனால உனக்குப் பெரிசா தெரியுது."

ஒத்துக்கறேன், கொஞ்சம் உண்டு. மேலே அக்கா கதை சொன்னதே நான்தானே. ஆனா 1942-ம் அதே கேசட்ல, அதே வயசுலதான் ஆடினேன். ஞாபகம்தான் காரணம்னா அதுவும் பெரிசா தெரியணுமே? போன மாசம் ரெண்டையும் திரும்ப ஆடிப் பார்த்தேன். 1942 பத்து நிமிஷத்துல கொட்டாவி. ட்வின்பீ ஒன்றரை மணி நேரம், மணி ராத்திரி ஒண்ணு, மறுநாள் காலை மீட்டிங்ல கண்ணு சொருகல்.

இப்ப கம்பெனிக்காரங்க பக்கம் வருவோம். அவங்களும் இந்த இளக்காரத்துக்கு விலக்கு இல்லை. ட்வின்பீயோட அடுத்த பாகம் 'மோயேரோ ட்வின்பீ' 1986-ல் ஃபேமிகாமுக்கு வந்துச்சு. அது 1987-ல் அமெரிக்கா போனப்ப பேர் என்ன தெரியுமா? 'ஸ்டிங்கர்'. இரட்டைத் தேனீ போய் கொடுக்கு மட்டும் மிச்சம். சாந்தமான பேர் போதாதாம், கொட்டற மாதிரி இருக்கணுமாம். 1991-ல் ஆர்கேட்டுக்கு வந்த 'டெட்டானா ட்வின்பீ' வெளிநாட்டுக்குப் போனப்ப 'பெல்ஸ் அண்ட் விசில்ஸ்' ஆச்சு. ஒவ்வொரு ஊர்ல ஒவ்வொரு பேர்ல இறங்கினா, இது ஒரு வரிசைன்னு எவனுக்குத் தெரியும்?

2019-ல் கொனாமி தன்னோட 50-வது வருஷத்தை ஒட்டி பழைய ஆர்கேட் ஆட்டங்களை ஒரு தொகுப்பா விட்டாங்க. மொத்தம் 8 ஆட்டம். கிரேடியஸ் குடும்பத்துக்கு மட்டும் 3 இடம். ட்வின்பீக்கு 1. கிரேடியஸுக்கு 2025-ல் 'கிரேடியஸ் ஆரிஜின்ஸ்'னு தனித் தொகுப்பு, கூடவே 'சலமாண்டர் 3'னு புத்தம்புது ஆட்டம். சந்தோஷம். ட்வின்பீ ஆர்கேட்ல கடைசியா புதுசா பறந்தது 1995-ல், 'ட்வின்பீ யாஹோ'. புதைச்சுட்டாங்கன்னு நான் சொல்ல மாட்டேன், அது பொய். நின்டெண்டோவோட சந்தா சேவையில 2018-ல் முதல் பாகம் வந்துச்சு, 2020-ல் 'பாப்'ன் ட்வின்பீ' வந்துச்சு. ஆனா சந்தா கட்டற வரைக்கும்தான் கையில இருக்கும். பந்தியில இலை உண்டு, ஆனா கடைசி வரிசையில, அதுவும் ரசம் தீர்ந்த பிறகு.

இது ஏன் முக்கியம்னா, எது உசத்தி எது மட்டம்னு இன்னைக்கு நாம சொல்றதுதான் நாளைக்கு எது மிஞ்சும்னு முடிவு பண்ணுது. 2023-ல் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அமெரிக்காவுல 2010-க்கு முன்னாடி வந்த பழைய ஆட்டங்கள்ல 87 சதவீதம் இன்னைக்குக் கடையில முறையா வாங்கவே முடியாதாம். மிச்சம் 13-க்குள்ள யாருக்கு முதல்ல இடம் கிடைக்கும்? 'காவியம்'னு பேர் வாங்கினவனுக்குத்தான்.

மேலே பபுள் சிஸ்டம்னு சொன்னேன்ல? அது பெல் ஆய்வகத்துல பிறந்த காந்தக் குமிழி நினைவகத்தை வச்சு ஓடின பொட்டி. மெஷினை ஆன் பண்ணா உடனே ஆட்டம் வராது. அந்த நினைவகம் சூடாகணும். அதுவரைக்கும் திரையில எண் குறைஞ்சுக்கிட்டே வரும், ஒரு இதமான காலை நேரத்து இசை ஓடும். காந்தம் பக்கத்துல வந்தா உள்ள இருக்கறது அழிஞ்சு போகும் அபாயம் வேற. அப்படிப்பட்ட பண்டத்துலேர்ந்து ஆட்டத்தைக் காப்பாத்தி நம்ம கம்ப்யூட்டர் வரைக்கும் கொண்டு வந்தது யாரு? பெரும்பாலும் சம்பளம் வாங்காம எமுலேட்டர் எழுதின ஆர்வக் கோளாறுகள். அவங்களும் நம்ம நண்பன் மாதிரி "பாப்பா கேம்"னு விட்டிருந்தா?

ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லிடணும். கொனாமியோட எல்லா கிறுக்குத்தனத்துக்கும் நான் வக்காலத்து வாங்கலை. ட்வின்பீயும் கிரேடியஸும் சேர்ந்து கூத்தடிச்ச 'பரோடியஸ்' வரிசை இருக்கு. ஆக்டோபஸ், பென்குவின் எல்லாம் பறக்கும். குச்சி மனுஷன் காகித விமானத்துல வருவான். பிரமாதம். ஆனா ராட்சத நடனக்காரி காலுக்கு நடுவுல பறக்க விடறதும், 1996-ல் வந்த 'செக்ஸி பரோடியஸ்'ல போட்ட ஆட்டமும் அசடு வழியற ரகம். சிரிப்புன்னு சொன்னா எல்லாம் செல்லும்னு நான் சொல்ல வரலை. அக்கா பக்கத்துல உட்கார்ந்து ஆட முடியாத சிரிப்பு எனக்கும் வேண்டாம்.

ஆனா அந்த வரிசையில ஒரு வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1989-ல் கிரேடியஸ் 3 வந்தப்ப 'கர்ண பரம்பரைக் கதையிலிருந்து புராணத்துக்கு'ங்கற அர்த்தத்துல ஒரு துணைத் தலைப்பு போட்டுக்கிட்டாங்க. மறு வருஷமே, 1990-ல், பரோடியஸ் ஆர்கேட்டுக்கு வந்தப்ப அதே கம்பெனி போட்ட துணைத் தலைப்பு: 'புராணத்திலிருந்து சிரிப்புக்கு'. தன்னைத் தானே கிண்டல் பண்ணிக்கறது ஒரு பக்கம். என் கண்ணுக்கு அது படி இறங்கற மாதிரி தெரியலை. கதை, அதுக்கு மேல புராணம், அதுக்கும் மேல சிரிப்பு.

கடைசியா நம்ம கதைக்கு வர்றேன் மக்களே. பதிவு எழுதற நாமளும் இதே தப்பைத்தான் பண்றோம். நாலு பேர் சிரிக்க எழுதினா அதுக்குப் பேர் 'மொக்கை'. புரியாத மாதிரி எழுதினா 'கனமான பதிவு'. மொக்கைக்கு வந்து சிரிச்சுட்டு ஒரு ஸ்மைலி போட்டுட்டுப் போயிடுவோம். கனமான பதிவைப் படிக்காமலே 'ஆழமான பார்வை'ன்னு பின்னூட்டம் போடுவோம். சிரிக்க வச்சவன் எத்தனை தடவை அடிச்சுத் திருத்தினான், எந்த இடத்துல ஒரு சொல் அதிகமானா நிறம் போயிடும்னு எப்படிக் கணக்குப் போட்டான்னு ஒருத்தரும் கேக்கறதில்லை. மணியைத் தட்டற மாதிரிதாங்க அதுவும். ஒரு தட்டு கூடினா மறுபடி மஞ்சள்.

போன ஞாயித்துக்கிழமை அக்காவுக்கு போன் பண்ணி, "ட்வின்பீ ஞாபகம் இருக்கா?"ன்னு கேட்டேன். பேரே ஞாபகம் இல்லை அவளுக்கு. "எது, அந்தக் கை கோத்துக்கற ஏரோப்ளேனா?"ன்னா.

அவ்ளோதான். எனக்கு அந்த லிஸ்ட்ல முதல் இடம் அதுக்குத்தான். மாத்த மாட்டேன்.

டிஸ்கி: இந்தப் பதிவைப் படிச்சுட்டு அந்த நண்பன் சண்டைக்கு வந்தா, ரெண்டாவது ஜாய்ஸ்டிக் என்கிட்ட இருக்கு. அஞ்சு மணியைத் தொடர்ச்சியா தவறவிடாம பிடிச்சுக் காட்டட்டும், பதிவையே தூக்கிடறேன்.